காபன் பிரதி

எழுத்து வடிவென்று என்னைக் கூப்பிட்டார்கள்.
சங்கக்கடை கூப்பன் இடாப்போடு
பள்ளிக்கூடத்துக்கு வா, பின்னேரம் மூன்று மணி.
மேசையில் துவக்கை வைத்த பையனுக்கு
மீசை இன்னும் ஒரு வதந்தி.

"வீட்டுக்கு ஓராள். பதினாறு தொடக்கம் முப்பத்தைந்து.
உங்கட ஊருக்கு நாற்பது"
என்றார் பொறுப்பாளர்,
உரமூடை பங்கிடுகிறவரின் குரலில்.

அடிமட்டம் வைத்துக் கோடு கீறினேன்.
பெயர். தகப்பன் பெயர். வயது. உயரம்.
தகப்பன் இல்லாத இடத்தில் என்ன எழுத?
"சிறு கோடு போடு."
அந்த நிரலில் கோடுகள் கனக்க.

எனக்கு எல்லா வீடும் தெரியும்.
எங்கே எத்தனை வாய் என்று
அரிசி சொல்லித் தந்திருக்கிறது.
ஒளித்துவைத்த பிள்ளைக்கும்
கிழமைக்கு இரண்டு கொத்து போகத்தானே வேணும்.

அக்கா மகன் புவிராஜ், பதினேழு.
ஏழின் காலை வளைத்து மூன்றாக்கினேன்.
மை காயும்வரை ஊதினேன்.

பொறுப்பாளர் எண்ணினார். மறுகா எண்ணினார்.
"முப்பத்தொன்பது. ஒண்டு குறையுதே தங்கச்சி."

தயிர்க்காரி தெய்வானைப்பிள்ளையின் மூத்தவன்
பன்னிரண்டாம் இலக்கத்தில் பதிந்தாயிற்று.
அவனைக் கூட்டிப்போக
இளையவன் சைக்கிளோடு வாசலில் நின்றான்.
"இவர் ஆர்?"
நான் சொல்லவில்லை.
பெயரை அவனே சொன்னான்: குகநேசன்.
"வயசு?"
"பதினாறு ஆகப்போகுது."
"ஆகிற்று" என்றார் பொறுப்பாளர்.
எழுதினேன்.
எழுத்து வடிவாகத்தான் வந்தது.

விடிய ஐந்து மணிக்கு விசில்.
மைதானத்து மாடுகளைக் கலைத்துவிட்டு வரிசை.
துவக்குக்குப் பதில் பூவரசங் கொட்டன்,
ஓடாவி மேகராசா இரவிரவாகச் சீவியது.
ஒன்றிரண்டில் துளிர் இருந்தது.
படு என்றால் படுத்தார்கள், உருள் என்றால் உருண்டார்கள்,
தொட்டாச்சுருங்கி முதுகில் ஏறியபோது
சிரித்தும் விட்டார்கள்.
அந்தச் சிரிப்புக்கு நாற்பது பேரும் ஐந்து சுற்று ஓடினார்கள்.

நான் வேப்பமரத்தடியில் வரவு கூப்பிட்டேன்.
பள்ளிப் பழக்கத்தில் "உள்ளேன்" என்றார்கள்.
பெயரும் வேண்டாம் உள்ளேனும் வேண்டாம்,
இலக்கம் சொன்னால் போதுமாம்.
கடைசியில் ஒரு குரல்
நாற்பது என்று தொடங்கும்,
பாதியில் உடைந்து கீச்சென்று முடியும்.

பதினெட்டாம் நாள் அம்பிளாந்துறையில் ஏற்றினார்கள்.
வாவியைக் கடக்கிற மிதவைக்கு
எங்கள் பக்கம் பாதை என்று பெயர்.
பாதை போனது.
பாதை திரும்பி வந்தது,
ஒரு சைக்கிளோடு.

எட்டு வருடம்.
இரண்டு வெள்ளம், ஒரு இடப்பெயர்வு.
தெய்வானைப்பிள்ளை கடைக்கு வந்தாள்.
"விசாரிக்கிறவங்க அத்தாட்சி கேக்கிறாங்க புள்ள.
பிறப்புச் சாட்சியெல்லாம் வெள்ளத்தோட போயிற்று.
நீதானே எழுதினாய்."

இடாப்பை அவர்கள் கொண்டுபோய்விட்டார்கள்.
காபன் பிரதி என்னிடம் கிடந்தது,
சீனிக் கணக்குப் புத்தகத்துக்குள்.
கணக்குப்பிள்ளைப் புத்தி,
எதற்கும் ஒரு பிரதி.

அவளுக்கு எழுத்து தெரியாது. இலக்கம் தெரியும்,
தயிர் விற்கிறவள்.
பன்னிரண்டில் விரல் வைத்தாள்.
நாற்பதில் வைத்தாள், நெடுநேரம்.
பிறகு விரல் மேலே நகர்ந்து
வேறொரு வீட்டில் நின்றது.
காபன் அழிக்காது.
அங்கே ஏழும் இருந்தது,
ஏழின்மேல் ஏறிய மூன்றும் இருந்தது.

அவள் ஒன்றும் கேட்கவில்லை.
நானும் தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன்,
துடைத்த தராசை.

தாளை மடித்துச் சும்மாட்டுக்குள் வைத்து
முட்டியைத் தலையில் ஏற்றினாள்.
வாசலில் லொறி நின்றது.
புவிராஜ் மா மூடை இறக்கிக்கொண்டிருந்தான்.

"பாத்துத் தூக்கு மனே" என்றாள் போகிறபோக்கில்,
"இடுப்புப் பிடிச்சிரும்."